பலகார வாசனை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் சமையல்காரி.

மாவு உருண்டைகள் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரிந்து மிதந்தன. கரண்டியால் அள்ளப் போனவளை முதலாளி பாய்ந்து வந்து தடுத்தார்.

“யாரும்மா எடுக்கச் சொன்னது? கிடக்கட்டும்.”

“கருகிடுமேங்க!”

“கருகட்டும்.”

உருண்டைகள் கரியாயின. காலையில் ஊற்றிய புது எண்ணெயும் கறுத்துப் போனது. ஊரில் சமையல் எண்ணெய் குதிரைக்கொம்பு. அவள் வீட்டில் தாளிக்கக்கூடச் சொட்டு இல்லை. இந்த மனுஷனுக்கு என்ன மண்டைக் கோளாறு?

சாயங்காலம் ஒரு லாரி வந்து நின்றது. ‘பழைய எண்ணெயில் ஓடும் புதிய நாடு’ என்று அதில் எழுதியிருந்தது. இறங்கிய அதிகாரி எண்ணெயை முகர்ந்து பார்த்தார்.

“பலகார வாசனை தூக்குதே! பொரிச்ச எண்ணெய்தான், சந்தேகமே இல்லை. ஏத்துங்கப்பா.”

லாரி போனதும் அவள் கேட்டாள். “நல்ல எண்ணெயை ஏங்க இப்படிப் பாழாக்குறீங்க?”

“பஸ்ஸுக்கு ஊத்தப் பழைய எண்ணெய்தான் வேணுமாம். புதுசைவிட ரெண்டு மடங்கு விலை தர்றாங்க. நான் பலகாரக் கடை நடத்தலைம்மா.”

வீட்டு வாசலிலேயே மகள் ஓடி வந்து அவள் புடவையில் முகம் புதைத்தாள். மூச்சை நன்றாக இழுத்தாள்.

“ஐ, பலகாரம்! எங்கேம்மா ஒளிச்சு வச்சிருக்கே?”

சமையல்காரி பதில் சொல்வதற்குள், அவள் கையிலிருந்த காலிப் பையை மகள் பிடுங்கித் தலைகீழாக உதறத் தொடங்கினாள்.