நாலாவது போஸ்டர்

“பெறுமதி தெரிஞ்சவனிட்ட வாங்கினா அது வியாபாரம், நானா. தெரியாதவனிட்ட வாங்கிறதுதான் கலை,” என்றார் வின்சன்ட்.

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகு அப்போதுதான் திருகோணமலைத் துறையை விட்டுக் கிளம்பியிருந்தது. ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்து அழைக்கப்பட்ட பக்கத்து ஆசனக்காரர் “ஓம்” என்றார். வின்சன்டுக்கு அது போதும். காது கிடைத்தால் அவர் ஆளைப் பார்ப்பதில்லை.

துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞரான வின்சன்ட், பழைய போஸ்டர் சேர்ப்பவர். நாடகம், சினிமா, கப்பல் பயணம், சண்டைக்கால அறிவித்தல் என்று சுவரில் ஒட்டிய எதுவும் அவருக்குச் சொத்து. ஓர்ஸ் ஹில் பகுதியில் இருந்த அவருடைய வீட்டில் மழைக்கு ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான். அதில் போஸ்டர் அலுமாரி நிம்மதியாக நின்றது. மனைவி மக்டலினின் கட்டில் ஒழுகும் மூலையில். போன மாரியில் நனைந்து சலித்த மக்டலின், இந்த மாரி தொடங்குமுன்னே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கூரை திருத்தினால் வருவேன், இல்லாவிட்டால் அலுமாரியோடு குடும்பம் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கூரைக்கு ஒரு வழியும் பிறந்திருந்தது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் துறைமுகத் தொழிலாளருக்காக வெள்ளைக்காரர் தமிழில் அச்சடித்து ஒட்டிய எச்சரிக்கைப் போஸ்டர்கள் மொத்தம் நாலு. மூன்று வின்சன்டிடம் இருந்தன. றெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த இங்கிலாந்துத் துரை ஒருவர், நாலும் சேர்ந்து வந்தால் வீடு முழுவதற்கும் ஓடு போடுகிற அளவு காசு தருவதாகவும், மூன்றென்றால் ஒரு சதமும் இல்லை என்றும் சொல்லியிருந்தார். நாளைக்கு அவர் கொழும்புக்குப் புறப்படுகிறார். நாலாவது போஸ்டர் மூதூரில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று மீன் வியாபாரி ஸஹாப்தீன் துப்புக் கொடுத்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் அவனுக்கு ஞாபகமில்லை.

இத்தனையையும் லோஞ்சு குடாவின் நடுவை எட்டுமுன்பே வின்சன்ட் சொல்லி முடித்துவிட்டார். துரை தரப்போகும் தொகையை, அது ரகசியம் என்பதால், இரண்டு தரம் சொன்னார்.

“ஆர்ட வீடு?” என்று பக்கத்து ஆசனக்காரர் கேட்டார். பயணம் முழுக்க அவர் கேட்ட ஒரே கேள்வி.

“நஜ்முன் நிஸா எண்டு ஒரு பொம்பிளை. புருசன்காரன் நெல்லு வாங்க எங்கயோ போயிட்டானாம். இருந்தாலும் பயமில்லை. அவன் ஒரு மொக்கனாம். வாயில விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாதாம்.”

“ஓம்.”

உற்சாகம் ஏறிய வின்சன்ட் தன் உத்தியையும் அவிழ்த்துவிட்டார். போஸ்டரைக் கண்டதும் முகத்தைச் சுளிக்க வேண்டும். கறையான் பிடித்த தாள் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தரித்திரம் என்றும் ஒரு சொல் போட வேண்டும். பிறகு, போகட்டும், நானே கொண்டுபோய் எரித்துவிடுகிறேன் என்று இரக்கப்பட்டு, ஒரு தேயிலைப் பக்கற்றைக் கையில் கொடுத்துவிட்டு வந்தால் காரியம் முடிந்தது. பக்கற்றையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

பக்கத்து ஆசனக்காரர் அதை வாங்கி மணந்து பார்த்தார். “நல்ல தேயிலை,” என்று திருப்பிக் கொடுத்தார்.

மூதூரில் இறங்கியதும் வின்சன்ட் நேரே போகவில்லை. அவசரம் காட்டுகிறவன் ஏமாந்து போவான் என்பது அவருடைய கொள்கை. துறையடிக் கடையில் ஆறுதலாக ஒரு பிளேன்ரீ குடித்து, கடைக்காரருக்கும் கலையைப் பற்றிக் கொஞ்சம் விளங்கப்படுத்திவிட்டு நடந்தார்.

அந்த வீட்டின் தெருக்கதவு விரியத் திறந்து கிடந்தது. நஜ்முன் நிஸா வாசலுக்கு வந்தாள். வின்சன்ட் முகத்தைச் சுளித்தார். கறையான் என்றார். தரித்திரம் என்றார். போஸ்டரை இன்னும் பார்க்கவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

அவள் சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்தாள். “கொஞ்சம் நில்லுங்க. எங்கட மொக்கன் வந்திட்டார்.”

உள்ளேயிருந்து வந்தவர் லோஞ்சில் பக்கத்தில் இருந்த அதே மனிதர். மஹ்ரூப் என்று தன் பெயரைச் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டார். வின்சன்டின் கையிலிருந்த தேயிலைப் பக்கற்றை மரியாதையாக வாங்கி, தேத்தண்ணி ஊற்றும்படி மனைவியிடம் கொடுத்தார்.

பேரம் நீளவில்லை. “மூண்டு உங்களிட்ட. ஒண்டு என்னிட்ட. தனித்தனியா ரெண்டுக்கும் விலையில்ல. துரைட காசில பாதி எனக்கு,” என்றார் மஹ்ரூப். பாதி எவ்வளவு என்றும் சொன்னார். இரண்டு தரம் கேட்ட தொகை அல்லவா, ஒரு சதமும் பிசகவில்லை.

வின்சன்ட் யோசித்துப் பார்த்தார். பாதிக் காசுக்குப் பாதிக் கூரைதான் வரும். மக்டலின் பாதியாக வரமாட்டாள். ஓடு போட்ட பக்கம் அவளுடைய கட்டிலுக்கு, பழைய ஒழுகாத மூலை அவளுடைய அடுப்புக்கு. அலுமாரி இனி மழையில் நிற்க வேண்டியதுதான். வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

“சரி, நானா. ஆனா லோஞ்சில நான் அவ்வளவு கதைக்கேக்க, நான்தான் அந்த ஆள் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.” அவருடைய குரலில் உண்மையான மனக்குறை இருந்தது.

மஹ்ரூப் எழுந்து போய்த் தெருக்கதவை மெல்லச் சாத்தினார். கதவின் உட்பக்கத்தில், சண்டைக் காலம் தொட்டுத் தினமும் வீட்டை விட்டு இறங்குமுன் அவர் வாசித்துவிட்டுப் போகும் அந்த நாலாவது போஸ்டர், கொட்டை எழுத்தில் சொன்னது:

‘பக்கத்தில் இருப்பவன் யாரென்று அறியாமல் வாய் திறவாதே.’