ஏரம்பு முதலாளியின் குளிர்மெசின்

யாழ்ப்பாணத்துப் பெருமக்கள் யாவருக்கும் இத்தால் அறியத்தருவது: ஏரம்பு முதலாளியின் புடவைக்கடைக்குள் குளிர்மெசின் பூட்டியாகிவிட்டது. சுவிச்சைத் திருகும் உரிமை முதலாளிக்கு மட்டுமே.

தேங்கின சரக்குத் தீராவிட்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான். குளிருக்குள் நின்றால் சனம் ஆறுதலாகப் பார்த்து வாங்கும் என்பது அவர் நினைப்பு. நினைத்தபடியே நாலு பெடியள் வந்து மத்தியானம் முழுக்க நின்றார்கள்.

"அண்ணை, குளிரை இன்னும் கூட்டுங்கோவன்."

முதலாளி பூரித்துப்போய்த் திருகினார். பெடியளுக்குப் பல்லுக் கிடுகிடுத்தது.

"காணாது அண்ணை!"

கடைசிமட்டும் திருகிவிட்டு, "இனிச் சொல்லுங்கோ தம்பியவை, என்னத்தை எடுத்துக் காட்ட?" என்றார்.

"ஒண்டும் வேண்டாம். அடுத்த கிழமை கனடாவுக்குப் போறம். குளிர் பழக வந்தனாங்கள்."

அன்றைக்கு மூக்குத் துடைக்கிற ஒரு லேஞ்சிகூட விலைப்படவில்லை.