யார் பாலிசி முதலில்?

"உங்க மனைவியோட பிறந்தநாள் என்னைக்கு சார்?"

ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண் இப்படிக் கேட்டதும் அவர் திருதிருவென்று விழித்தார். ஒரு பக்கம், இடது கையில் மாவுக்கட்டோடு மகள். மறுபக்கம், ஆபீஸிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்த மனைவி. காலையில் கிளம்பும்போதே அவள் முகம் உர்ரென்றுதான் இருந்தது.

"கை உடைஞ்சது குழந்தைக்கு. எங்க பிறந்தநாள் எதுக்கும்மா?"

கவுன்ட்டர் பெண் பொறுமையாக விளக்கினாள். குழந்தையின் பெயர் அப்பா ஆபீஸ் பாலிசியிலும் இருக்கிறது, அம்மா ஆபீஸ் பாலிசியிலும் இருக்கிறது. அதற்காக இரண்டு பேரிடமும் முழுப் பணத்தைக் கறக்க முடியாது. ஒரு கம்பெனி முதலில் கொடுக்கும், மிச்சத்தை மற்றது பார்த்துக்கொள்ளும். வருஷத்தில் யார் பிறந்தநாள் முன்னால் வருகிறதோ, அவர் பாலிசிதான் முதலில்.

"என்னோடதையே முதல்ல போட்டுடுங்களேன்."

"அது என் இஷ்டம் இல்ல சார். நீங்களாவது சொல்லுங்க மேடம்."

"அவரே சொல்லட்டும்" என்றாள் மனைவி. "கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, நானும் கேட்டுக்கறேன்."

எழுதிக் காட்டுவதாகச் சொல்லி அவர் பேனாவை எடுத்தார். மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் தொண்டையைச் செருமினார், கூரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஒரு கம்பெனி கைவிட்டால் இன்னொன்று தாங்கும். மனைவியின் கோபத்துக்குத்தான் எந்தக் கம்பெனியும் பாலிசி போடுவதில்லை.

"தெரியாதுன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் அழமாட்டேன்" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கு மேல் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியும்மா. இன்னைக்குத்தான். சாயங்காலம் நீ வர்றப்ப சொல்லலாம்னு ரகசியமா வச்சிருந்தோம். கலர் பேப்பர் கட்டத்தான் நான் ஸ்டூல்ல ஏறினேன்."

மனைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரைப் போய் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கவுன்ட்டர் பெண்ணும் சிரித்துக்கொண்டே தேதியைக் குறித்துக்கொண்டாள். "சாரோட பிறந்தநாளை நீங்க சொல்லுங்க மேடம். அதோட வேலை முடிஞ்சது."

மேடம் கணவரின் கையை மெல்ல விட்டாள். பிறகு மகள் பக்கம் குனிந்து, அவள் காதோடு கேட்டாள்.

"உங்கப்பாவுக்கு எப்போடி?"