மாமி கேட்ட ஸ்கேன்

“நடிப்பு. வேற ஒண்ணுமில்ல” என்றாள் சுராயா மாமி.

ஷாஜியாவின் கையிலிருந்து நழுவிய பால் பாத்திரம் அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் துணியை எடுத்துத் துடைத்தாள். வலது கையில் கட்டை விரலும் பக்கத்து ரெண்டு விரலும் தன்னுடையவை மாதிரியே இல்லை.

காந்தி மார்க்கெட் பழக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமனார் தாஜுதீன் எட்டிப் பார்த்தார்.

“என்னவாம்?”

“கை மரத்துப் போகுதாம். தூக்கத்துல எழுந்து உதறிக்கிட்டு உக்காந்திருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம்.”

“வேலை செஞ்சா கை மரக்கத்தான் செய்யும். தைலத்தைத் தேய்க்கச் சொல்லு.”

“தைலத்துக்கெல்லாம் இவ வாய் அடங்காதுங்க. தில்லை நகர்ல ஒரு ஸ்கேன் பார்த்துட்டா, ஒண்ணுமில்லைன்னு மெஷினே சொல்லிடும். அப்புறம் கை வலி, கால் வலின்னு பேச முடியாதுல்ல.”

தாஜுதீன் கொஞ்சம் யோசித்தார்.

“அதுவும் சரிதான். ஆட்டோவ வரச் சொல்றேன். நீயும் கூடப் போ. என்ன சொல்றாங்கன்னு நல்லாக் கேட்டுட்டு வா.”

ஆட்டோவில் ஷாஜியா வெளியே பார்த்தபடியே வந்தாள். ஷார்ஜாவில் இருக்கும் புருஷனிடம் சொல்லலாம். ‘அம்மா சொல்றபடி கேளு’ என்பான். ரவிக்கைக்கு ஆரி வேலை செய்யும் ஊசியை ரெண்டு மாதமாக அவளால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. மெஷினும் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டால்? நமக்குத்தான் புத்தி சரியில்லையோ என்றுகூட அவளுக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வந்திருந்தது.

ஸ்கேன் அறைக்குள் மாமியும் கூடவே வந்து நின்றாள்.

டாக்டர் மகாலட்சுமி ஷாஜியாவின் கையை மலர்த்தி, மணிக்கட்டில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை மெல்ல நகர்த்தினார். திரையைப் பார்த்தவர் அதே இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

“நடிக்கிறாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா” என்றாள் மாமி.

டாக்டரின் முகம் மாறியது.

“நரம்புக்கு நடிக்கத் தெரியாதும்மா. இங்க பாருங்க. விரலுக்குப் போற நரம்பு இதுதான். மணிக்கட்டுல ஒரு குறுகலான வழி இருக்கு, அதுக்குள்ள நுழைஞ்சுதான் போகணும். காவிரிப் பாலத்துல வழி அடைச்சா சிந்தாமணி ரோட்டுல வண்டி தேங்கி நிக்கும்ல? அந்த மாதிரி, உள்ள நசுங்கி, வெளிய வீங்கி நிக்குது.”

ஷாஜியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வியாதி இருக்கிறது என்று கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டவள் அன்றைக்கு அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

“சரியாயிடுமா டாக்டர்?”

“சீக்கிரம் வந்துட்டீங்க. தூங்கும்போது கைக்குப் பட்டை போட்டுக்கணும். கொஞ்ச நாள் பாத்திரம், தையல் ஊசி எதையும் தொடக் கூடாது. அதுல கேக்கலைன்னா ஒரு ஊசி போடலாம். பயப்படாதீங்க.”

“எல்லாருக்கும் நரம்பு இப்படித்தானே இருக்கும்?” என்றாள் மாமி விடாமல்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்க கையக் கொடுங்கம்மா. நல்லா இருக்கிற நரம்பு எப்படி இருக்கும்னு காட்டறேன். வித்தியாசத்த நீங்களே பாருங்க.”

“எனக்கெதுக்கு?” மாமி கையைப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வலிக்காது. கொடுங்க.”

மாமி தயங்கித் தயங்கி நீட்டினாள். டாக்டர் கருவியை வைக்கவே இல்லை. அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டை விரலுக்கு அடியில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. பிறகுதான் ஜெல்லைத் தடவினார். திரையில், ஷாஜியாவுடையதைவிட மோசமாக நரம்பு பெருத்திருந்தது.

“எத்தனை வருஷமா இருக்கு?”

“இவ வீட்டுக்காரன் தவழ்ந்துக்கிட்டு இருந்தப்ப ஆரம்பிச்சது.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னேன். நடிப்புன்னாங்க. அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன்.”

ஷாஜியா நிமிர்ந்து மாமியைப் பார்த்தாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இவ்வளவு பட்டும், அதே வார்த்தைய இந்தப் பொண்ணைப் பார்த்து எப்படிம்மா சொல்ல மனசு வந்தது?”

மாமி மணிக்கட்டில் இருந்த ஜெல்லை நிதானமாகத் துடைத்தாள்.

“கை வலிக்குதுன்னு சொன்னா எங்க வீட்டுல ஆட்டோ வராது டாக்டரம்மா. பொய்யின்னு நிரூபிச்சிட்டு வரேன்னு சொன்னாத்தான் வரும்.”