ஆறாவது மணி

ரயில் மாரிக்குப்பத்தை விட்டு நகர்ந்ததுமே வினய் தன் இயர்போனைச் சட்டையில் துடைத்து சூசைராஜிடம் நீட்டினான்.

"மூணாவது பாட்டுல இருந்து கேளுங்க அங்கிள். உங்க கேசட்டு எப்படி ஆயிருக்கு பாருங்க."

சூசைராஜ் ஆசையோடு வாங்கிக் காதில் செருகினார்.



அது மேக்ஸ்வெல்லின் முதல் ஆல்பம். இன்று மேக்ஸ்வெல் கிட்டாரோடு மேடையேறினால் பெங்களூருவில் மைதானம் நிரம்புகிறது. அவர் எழுதிப் பாடிய மற்றதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். முதலாவது மட்டும் யாருக்கும் தெரியாது. பேட்டிகளில் அவரே அதைச் சொல்வதில்லை.

சூசைராஜுக்கு அது ஒன்றுதான் ஆல்பம். பின்னால் வந்ததெல்லாம் இஸ்திரி போட்ட சட்டை என்பார்.

தொண்ணூற்று நான்கில், தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டை ஒட்டிய காலி ஷெட்டில், நாலு பேர் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தது. அந்த ஷெட்டில் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓட்டினார்கள். பேட்டரி சோரச் சோர நாடா மெதுவாக ஓடும். அப்படி மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததை நல்ல பேட்டரி போட்டுக் கேட்டால் குரல் மேலே ஏறிவிடும். முதல் பாட்டில் மீசை முளைத்த ஆளாக இருக்கும் மேக்ஸ்வெல் கடைசிப் பாட்டில் பள்ளிக்கூடப் பையனாகிவிடுவது அதனால்தான். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சூசைராஜ் இதை அலுக்காமல் விளக்குவார்.

போட்டது இருநூறு கேசட். அவருக்குத் தெரிந்து மிஞ்சியது ஒன்று. ஏழு இடத்தில் அறுந்ததை ஒட்டி, பென்சில் செருகிச் சுற்றிச் சுற்றி அவர் காப்பாற்றியது.

வினய் பக்கத்து லைன் வீட்டுப் பையன். ஸ்டுடியோவில் வேலை. கம்பெனி அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிடுகிறது, மூல நாடா தொலைந்துவிட்டது, உங்களுடையது ஒன்றுதான் இருக்கிறது என்று கெஞ்சினான். ஒரு மாதம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இப்போது காதுக்குள் எல்லாம் சுத்தமாக இருந்தது. இரைச்சல் இல்லை. குரல் ஒரே உயரத்தில் நின்றது. பினாயில் விட்டுக் கழுவிய ஆஸ்பத்திரி வராந்தா.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்.

பிறகு மணி வந்தது.

டங் டங் டங். டங் டங் டங்.

அதன் தலைமேல் டிரம் வந்து விழுந்தது. மறுபடி மணி. மறுபடி டிரம். இடுப்பை ஆட்டச் சொல்லும் தாளம். நடுவில் ஒரு பெண் 'கமான்' என்று சிரித்தாள்.

பழைய நாடாவில் அந்த மணி ஒரே ஒரு தடவைதான் வரும்.

"அந்த பெல்லு செம பீட்டு அங்கிள்," வினய்க்கு முகமெல்லாம் பல். "ஆறாவது அடி மட்டும் லேட்டு. எவனோ தூங்கி வழிஞ்சிருக்கான். நான்தான் இழுத்து கரெக்டா உக்கார வெச்சேன். இன்னிக்கு பதினோரு மணிக்கு நெட்ல ரிலீசு."

யாரோ மென்று துப்பியதைத் தன் வாயில் திணித்ததுபோல் இருந்தது. இயர்போனைப் பிடுங்கினார். ஜன்னல் வழியே எட்டித் துப்பினார். வாய் சுத்தமாகவில்லை. மறுபடி துப்பினார்.

"இன்னா அங்கிள், பஸ்ல போற பொம்பள மாதிரி வாந்தி எடுக்கறீங்க?"

"அது இன்னா பெல்லுன்னு தெரியுமாடா உனக்கு?"

தெரியாது. வினய்க்கு நாலு வயதில் சுரங்கம் மூடிவிட்டது.

சூசைராஜ் விரல்களை விரித்தார். இப்போது அவர் ஒயிட்ஃபீல்டில் லிஃப்ட் மெக்கானிக். அப்போது ஷாஃப்டின் மேல்வாயில் பெல்மேன். கோபத்திலும் அவருக்கு விளக்கமாகத்தான் வரும்.

கீழே சுரங்கத் தட்டில், ஆளேற்றும் கேஜ் கூண்டிலிருந்தே கை எட்டும் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். ஒன்று என்றால் கேஜை நிறுத்து. மூன்று என்றால் ஆள் ஏறியாச்சு, தூக்கு. ஐந்து என்றால் இன்னும் கீழே இறக்கு. மேலே இருப்பவன் எண்ணி முடித்து, அதே எண்ணிக்கையை, கேஜை இழுக்கும் இன்ஜின் டிரைவருக்குத் திருப்பி அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்று குறைந்தால் மேலே வரவேண்டிய கேஜ் கீழே போய்விடும்.

"ஆறு?" என்றான் வினய்.

"கேஜுல அடிபட்ட ஆளு. மெதுவா தூக்கு."

வினய் பல்லை மூடிக்கொண்டான்.

"அன்னிக்கு ஷெட்டுல மேக்ஸ்வெல் பாடிக்கிட்டிருக்கான். அஞ்சு வந்துச்சு. நின்னுடுச்சு. கை பெல்லு மேலயே இருக்கு எனக்கு. அஞ்சுன்னு அடிச்சிடலாமான்னு ஒரு செகண்டு. அடிக்கல. அப்பறம் வந்துச்சு ஆறாவது."

ரயில் கோரமண்டலில் நின்று கிளம்பியது.

"கூட இருந்தவரு பதட்டத்துல லேட்டா இழுத்துட்டாரா அங்கிள்?"

"கேஜு கதவ நான்தான் தொறந்தேன்," என்றார் சூசைராஜ். "கூட யாரும் இல்ல. எங்கண்ணன் சாம்ராஜு மட்டும்தான் கெடந்தான்."

 வினய் ஸ்டுடியோவுக்கு போன் போட்டு, மூன்றாவது பாட்டை ஏற்ற வேண்டாம் என்று கன்னடத்தில் சொன்னான். மடியில் லேப்டாப்பைத் திறந்து, கேசட்டிலிருந்து முதல் நாள் எடுத்த, கைபடாத பதிவைத் தேடினான். இயர்போனில் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தன் காதில் வைத்துக்கொண்டான்.

இரைச்சல். கீச்சத் தொடங்கிய மேக்ஸ்வெல்லின் குரல். மணி.

ஐந்தாவது விழுந்தது.

இருவரும் காத்திருந்தார்கள்.