இத்தாலித் துப்பாக்கி

சண்முகப்ரியா உறையிலிருந்து துப்பாக்கியை வெளியே எடுத்தாள். எதிரே நின்றவர் அசையாமல் அவளையே பார்த்தார்.

“மெதுவா, சிஸ்டர். குழலை என் பக்கம் திருப்பாதீங்க. உள்ள குண்டு இல்லையே?”

“தெரியலீங்க. நான் இதைத் தொட்டதே இல்ல. விக்கலாம்னு கொண்டாந்தேன்.”

அவர் சிரித்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். சட்டையில் மீரான் மைதீன் என்று பெயர். அந்நிய நாட்டில், இர்விங் ஊரின் ஃப்ரீவே ஓரத்துத் துப்பாக்கிக் கடையில் தமிழ் பேச ஒருவர் இருந்தது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

“யாரோடது?”

“சொந்தக்காரர் ஒருத்தரோடது. தவறிட்டார்.”

கணவர் என்று சொல்லவில்லை. புருஷன் இல்லாதவள் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள் என்று மகள் பிரீத்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அச்சுதன் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஆபீஸ் பார்க்கிங்கில், ஓட்டி வந்த காருக்குள்ளேயே மாரடைப்பில் உயிர் போய்விட்டது. ஒரே மகள் அடுத்த மாதம் காலேஜில் சேர வேண்டும்.

வானத்தில் வீசும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டி என்றால் அவருக்குப் பைத்தியம். “செலவுன்னு நினைக்காத ப்ரியா. இத்தாலி மேக். நாளைக்கு வித்தாலும் பொண்ணோட ஒரு வருஷப் படிப்பு முடிஞ்சிடும்” என்று சொல்லித்தான் இதை வாங்கி வந்தார். அந்த வருடம் அவர்கள் ஊருக்குப் போகவில்லை. அப்பாவின் எண்பதாம் கல்யாணத்தை அவள் சமையலறையில் நின்றபடி போனில் பார்த்தாள்.

மீரான் மைதீன் துப்பாக்கியை நடுவில் மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துக் குழல்களுக்குள் பார்த்தார். பிறகு மெல்லக் கீழே வைத்தார்.

“சிஸ்டர், இது இத்தாலி இல்ல. டர்க்கி மேக். அதைப் பாத்து அப்படியே காப்பி அடிச்சது.”

“என்னங்க சொல்றீங்க?”

“பூவேலை, கட்டை, வெயிட் எல்லாம் அச்சு அசல் அதேதான். மோசமான துப்பாக்கின்னு சொல்ல மாட்டேன். ஆனா அதோட விலையில பத்துல ஒரு பங்குகூட இதுக்குக் கிடையாது.”

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுப் பேசாதீங்க. நான் வேற கடைக்குப் போறேன்.”

“தாராளமாப் போங்க. போறதுக்கு முன்னாடி இதை மட்டும் பாத்துடுங்க.” குழலின் அடியில் பொடி எழுத்தில் பொறித்திருந்ததை விரலால் காட்டினார். துருக்கியில் செய்தது என்று சந்தேகமில்லாமல் இருந்தது. இத்தனை வருடம் வீட்டு அலமாரியில் இருந்ததை அவள் ஒரு நாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

“இன்னொண்ணு, குழல் உள்ள புதுசாவே இருக்கு. ஒரு பெட்டி குண்டுகூட இதுல சுட்டிருக்க மாட்டாங்க.”

“சனிக்கிழமை தவறாமப் போவாருங்க. பொருளை அவ்வளவு சுத்தமா வெச்சுப்பார்.”

மீரான் மைதீன் மறுபடியும் ஒரு தடவை குழலுக்குள் பார்த்தார்.

மூன்று வருடம், விடிந்தும் விடியாமல் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே கிளம்பிப் போன மனுஷன். கையில் இருப்பது போலி என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாரே! அத்தனை ஆசையாக வாங்கியவரை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான்.

“இதை யார் அவருக்கு வித்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமாங்க? அவனைச் சும்மா விடக் கூடாது.”

“நம்பரை வெச்சுப் பாக்கலாம். எங்க கடையில வித்திருந்தா ரெகார்டு இருக்கும்.”

அவர் எண்ணைப் படித்துக் கம்ப்யூட்டரில் தட்டினார். திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

“அட, அச்சுதன் சாரோடதா! தங்கமான மனுஷர். நீங்க அவருக்குச் சொந்தமா?”

சண்முகப்ரியா தலையை மட்டும் அசைத்தாள். சொன்ன பொய்யைத் திருத்திக்கொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. “அப்ப வித்தது உங்க கடைதான்! நீங்கதான் அவரை ஏமாத்தியிருக்கீங்க.”

“ஐயோ, ஏமாத்தல சிஸ்டர். டர்க்கின்னு தெரிஞ்சு, அவரே கேட்டு வாங்கினதுதான் இது.” அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “அன்னைக்கு ரெண்டு துப்பாக்கி வாங்கினார். ஒண்ணு இது. இன்னொண்ணு அசல் இத்தாலி. பாருங்க, ரெண்டும் ஒரே பில்லுல இருக்கு.”

அவள் குனிந்து திரையைப் படித்தாள். அசல் இருக்கிறது! அவர் பொய் சொல்லவில்லை. யாரும் அவரை ஏமாற்றவும் இல்லை. திருட்டுக்குப் பயந்து நல்லதை எங்கேயோ பத்திரமாக வைத்துவிட்டு, வீட்டில் இதை வைத்திருந்திருக்கிறார். பிரீத்தியின் படிப்பு கண் முன்னால் எழுந்து நின்றது. நல்லவரை ஒரு நிமிஷம் எவ்வளவு ஏமாளியாக நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

“அந்த இன்னொண்ணு இப்ப எங்க இருக்குங்க?”

“இங்கதான் இருந்துச்சு. தோள்ல வைக்கிற கட்டையோட நீளத்தைக் குறைக்கணும்னு சார் விட்டுட்டுப் போயிருந்தார்.”

“இருந்துச்சுன்னா? வேற யாருக்காவது கொடுத்துட்டீங்களா?”

அவள் பதறுவதைப் பார்த்து மீரான் மைதீன் இதமாகச் சிரித்தார்.

“கவலைப்படாதீங்க, சிஸ்டர். போன வாரம்தான் அவரோட வைஃபும் பையனும் வந்து வாங்கிட்டுப் போனாங்க.”