கை இருக்க வேண்டிய இடம்

"கையைத் தோள்ல வை. முதுகுல என்ன வேலை?"

உதடு அசையாமல் சீறினான் கணவன். முகத்தில் மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு. போட்டியில் வால்ட்ஸ் நடனம் ஆடும்போது சிரிக்காவிட்டால் மதிப்பெண் போய்விடும். மனைவியைத் திட்டினால் போகாது.

"பேசாம ஆடுங்க," என்றாள் அவளும் சிரித்தபடியே.

அரையிறுதிச் சுற்று. மெழுகு போட்டுத் தேய்த்த மரத்தளத்தில் பன்னிரண்டு ஜோடிகள் சுழன்றுகொண்டிருந்தன. ஓரத்தில் அட்டையும் பேனாவுமாக ஐந்து நடுவர்கள். பெண்ணின் இடது கை ஆணின் தோளை ஒட்டி லேசாக இருக்க வேண்டும் என்பது நடனப் பள்ளியில் முதல் நாள் பாடம். இவள் கையோ தோளைத் தாண்டி அவன் முதுகில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆறு வருடமாகச் சேர்ந்து ஆடுகிறவள் தெரியாமலா செய்வாள்?

இந்த முறையும் இறுதிச் சுற்றுக்கு வராவிட்டால் ஜோடியை மாற்றிவிடுவேன் என்று நடன மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவளோடு ஆட ஒரு நெட்டைக் கொக்கு தயாராகக் காத்திருந்தான். நேற்று அவன் வந்து கேட்டபோது இவள் மாட்டேன் என்று சொல்லவில்லை, சிரித்தாள். அப்போதிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

"வேணும்னேதானே பண்றே? தோத்துட்டா அந்தக் கொக்குகூட ஆடலாம்னு பார்க்கறே."

"வேகமா திருப்பாதீங்க. மெதுவா."

"யாரு நடத்துறது? நீயா, நானா?"

"இப்போதைக்கு நான்தான்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி போட்ட நடுவர் அவள் கையையே உற்றுப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

"எழுதிட்டாரு. திருப்திதானே?"

அடுத்த சுழற்சியில் "ஸ்..." என்றாள். கண்ணோரம் ஈரம். செய்வதையும் செய்துவிட்டு அழுகை வேறு என்று நினைத்துக்கொண்டான்.

இசை நின்றது. எல்லாரும் தலை வணங்கினார்கள். அவள் கை மட்டும் முதுகை விட்டு நகரவில்லை.

"கையை எடு. எல்லாரும் பார்க்கறாங்க."

"முடிவு சொல்லட்டும். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்."

"மானத்தை வாங்காதே!"

ஒலிபெருக்கி கரகரத்தது. தேர்வான ஆறு ஜோடிகளின் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஐந்து வாசித்தாகிவிட்டது. அவர்கள் எண் இன்னும் வரவில்லை.

"கடைசியாக, நாற்பத்தேழு!"

கைதட்டல் எழுந்தது. நிம்மதியாக மூச்சு விட்டான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"உன்னால ஜெயிக்கல. உன்னையும் மீறி நான் இழுத்து ஆடினதால ஜெயிச்சோம். அடுத்த சுற்றுலயாவது கையை அதோட இடத்துல வை!"

அவள் கையை எடுத்தாள். கூடவே அவன் முதுகிலிருந்து நாற்பத்தேழு என்று அச்சடித்த தாள் நழுவித் தரையில் விழுந்தது. காலையில் அவளைக் கிட்டே விடாமல், வீம்புக்குத் தானே கையை வளைத்துக் குத்திக்கொண்ட தாள்.

"ஆடும்போது நம்பர் விழுந்தா அந்த ஜோடியே அவுட். சொல்லியிருந்தா நீங்க பதறிப்போய் நடுவுலயே நின்னிருப்பீங்க," என்றபடி, விரலில் ஆழமாக இறங்கியிருந்த ஊக்கை மெல்லப் பிடுங்கினாள் அவள்.